வலி நின்றால் போதுமா?

ஆண்டு மலருக்குக் கட்டுரை தர வேண்டும் என்று தமிழ்த்துறை ஐயா வகுப்பில் அறிவித்ததும், நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டனர். ஒருவர் இளைஞர் கடமை என்றார். ஒருவர் பெண்கல்வி என்றார். விடுதியில் என் அறைத் தோழர் காதலும் வீரமும் என்று எழுதத் தொடங்கி, உரக்கப் படித்துப் படித்து இரண்டு இரவுகள் எங்களைத் தூங்கவிடவில்லை. நான் பல்லைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அறையே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிப்பதற்கும் பல் வேண்டுமல்லவா?

ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். மருத்துவம் சொல்ல நான் யார்? விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவன். ஆனால் சென்ற ஓராண்டில் என் குடும்பத்திலேயே இரண்டு பற்களின் வரலாற்றைக் கண்ணாரக் கண்டேன். ஒன்று என் அத்தையின் பல், மற்றொன்று என்னுடையது. இரண்டும் ஒரே இடத்துப் பல்: கீழ்த்தாடையின் இடப்புறத்து முதல் கடைவாய்ப்பல். இரண்டுக்கும் ஒரே நோய். இரண்டுக்கும் தொடங்கப்பட்டது ஒரே சிகிச்சை. இன்று என் பல் இருக்கிறது. அத்தையின் பல் இல்லை. இது ஏன் என்று எண்ணியபோது தோன்றியவற்றைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர். சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் பூமி. கடுக்காய் பொறுக்கும் பருவத்தில் பெண்களெல்லாம் விடியுமுன்னே காட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பருவத்தில்தான் அத்தைக்குப் பல்வலி வந்தது. முதலில் குளிர்ந்த நீர் பட்டால் கூசியதாம். பிறகு சூடான கஞ்சி பட்டால் வலித்ததாம். பிறகு ஒன்றுமே படாமல், படுத்தவுடன் தானாகவே வலி எழுந்து காது வரைக்கும் இழுத்ததாம். கிராம்பை நசுக்கி வைத்தார். வலி கொஞ்சம் அடங்கியது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடிக்கச் சொன்னார். பல்லிலுள்ள பூச்சி விழுந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சொத்தைப் பல்லில் அப்படி ஒரு புழுவும் கிடையாது. உள்ளவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம். ஆயினும் அந்தப் பெரியவரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பேருந்து எட்டாத ஊரில், நள்ளிரவில் பல்வலி வந்தவர்க்கு அவர்தான் எழுந்து வந்தார்.

கன்னம் வீங்கிய பின்னர் அத்தை மலையிறங்கினார். கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரும் பேருந்தில், முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு அவர் வந்திறங்கிய கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்தான் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். எந்த ஊர், எந்த மருத்துவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் கைத்திறனில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஊசி போட்டார், பல்லைத் திறந்தார், உள்ளே சுத்தம் செய்தார், மேலே வெள்ளையாக ஏதோ வைத்து அடைத்தார். "அடுத்த வாரம் வாங்க" என்றார். அவ்வளவே. ஏன் வர வேண்டும், எத்தனை தடவை வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது பற்றி ஒரு சொல் கிடையாது. வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவே அத்தை நன்றாகத் தூங்கினார். மறுவாரம் நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். "வலிதான் நின்னுபோச்சே தம்பி, இனிமே எதுக்கு வரணும்? ஒரு நாள் கூலியும் போவும், பஸ்ஸுக்கும் குடுக்கணும்" என்றார். எனக்கும் மறுமொழி சொல்லத் தெரியவில்லை. வலி நின்றுவிட்டது என்றால் நோய் நின்றுவிட்டது என்றே நானும் எண்ணினேன். விலங்கியல் படித்து என்ன பயன்!

ஐந்து மாதம் கழித்து, வறுத்த மொச்சையைக் கடித்தபோது அந்தப் பல் இரண்டாகப் பிளந்தது. நான்கு நாளில் தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கியது, காய்ச்சல் கண்டது, எச்சில் விழுங்க முடியவில்லை. பல்லிலிருந்து கிளம்பும் நஞ்சு நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக்குழலே அடைபடும் என்பதை அரசு மருத்துவமனையில்தான் அறிந்தோம். அங்கே சேர்த்து, சீழை வெளியேற்றி, மருந்து ஏற்றி, பல்லையும் எடுத்து, அத்தையைக் காப்பாற்றி அனுப்பினார்கள்.

சரியாக இரண்டு மாதத்தில் எனக்கு அதே பல் வலித்தது. அத்தைக்கு நேர்ந்ததைக் கண்ட அச்சத்தில், வலி கண்ட மூன்றாம் நாளே நான் வேறொரு மருத்துவரிடம் போய்விட்டேன். அவர் முதலில் கருவியை எடுக்கவில்லை, பென்சிலை எடுத்தார். மருந்துச்சீட்டின் பின்புறத்தில் ஒரு பல்லின் படத்தை வரைந்தார். அந்தச் சீட்டை இன்றும் என் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

அவர் வரைந்ததை எழுத்தில் சொல்ல முயல்கிறேன். பல் என்பது முழுக்கக் கல் அன்று. வெளியே உடம்பிலேயே மிகக் கடினமான எனாமல். அதன் உள்ளே டென்டின் என்னும் தந்தப் பகுதி. நடுவில் ஒரு சிறு அறை. அந்த அறையிலும், அங்கிருந்து வேர்நுனி வரை ஓடும் மெல்லிய குழாய்களிலும் பற்கூழ் எனப்படும் உயிருள்ள திசு இருக்கிறது. இரத்தக் குழாயும் நரம்பும் அதனுள் உண்டு. சொத்தை மெல்ல மெல்லத் துளைத்து இந்த அறையை எட்டும்போது கூழ் அழற்சி கொண்டு வீங்கப் பார்க்கிறது. கையில் கட்டி வந்தால் தோல் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் விரிவதற்கு இடமேது? நான்கு புறமும் சுவர். அதனால்தான் பல்வலி மற்ற வலிகளைப் போல இருப்பதில்லை. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் மிகுவதால் இரவில் கூடுகிறது.

சில நாளில் அந்தக் கூழ் செத்துவிடும். உடனே வலி நின்றுவிடும். இதுதான் முதல் ஏமாற்று. நோயாளி பிழைத்தோம் என்று எண்ணுவார். ஆனால் செத்த கூழில் நுண்ணுயிர்கள் பெருகி, வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். மாத்திரையும் அங்கே பயன்படாது. மாத்திரை இரத்தத்தின் வழியாகப் போக வேண்டும். செத்த கூழுக்கு இரத்த ஓட்டம் ஏது? காய்ச்சலும் பரவும் வீக்கமும் உள்ளபோது மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவது வேறு. நாமே கடையில் போய், "பல்லுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்கி மாதங்களை ஓட்டுவது வேறு.

இரண்டாவது ஏமாற்றுதான் என் அத்தையைக் கெடுத்தது. சிகிச்சையின் முதல் நாளிலேயே கூழ் அகற்றப்பட்டு, அழுத்தம் குறைந்து, வலி பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனால் பல் அப்போது ஒரு காலி வீடு. மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரங்களுக்கே தாங்கும். அது தேய்ந்து எச்சில் கசிந்தால் விரட்டப்பட்ட நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறிவிடும். நடுவில் குடையப்பட்ட பல்லாதலால் கடிக்கும்போது பிளக்கவும் செய்யும். முழுதும் செய்யாத வேர்ச் சிகிச்சை, செய்யாத சிகிச்சையைவிட நல்லதென்று எண்ணிவிடக்கூடாது.

இனி, நாற்காலியில் உட்காருபவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஏனெனில் நம் விடுதியிலேயே மூன்று பேர் இதற்கு அஞ்சிக்கொண்டு ஒருபுறமாக மென்று கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன்.

முதலில் பல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், குளிர்ச்சியை வைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். 1896ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வால்காஃப் என்னும் பல் மருத்துவர், ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட சில வாரங்களுக்குள்ளேயே தம் பல்லைத் தாமே படமெடுத்தாராம். அதற்கு அவர் அசையாமல் கிடந்தது 25 நிமிடம். நமக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. பிறகு மரத்துப்போகும் ஊசி. எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். எறும்பு கடித்தது போல என்று பிறர் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அதன் பின் உதடு பாதி மரத்து, பிறர் உதடு போலாகிவிட்டது. கடுமையாக வலித்துக் கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு ஊசி போதாமல் போவது உண்டு. வலித்தால் கையைத் தூக்க வேண்டும். மருத்துவர் நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்துவார். பல்லைக் கடித்துக் கொண்டு பொறுத்துக்கொள்வது வீரம் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். இங்கே பல்லைக் கடிக்கவும் முடியாது. ஆகவே அந்த வீரம் வேண்டாம்.

அதன்பின் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர்த் துணியை மாட்டினார். 1864இல் அமெரிக்க மருத்துவர் பார்னம் கண்ட வழி இது. எச்சில் உள்ளே போகாது. ஊசி போன்ற கருவியும் கழுவும் மருந்தும் தொண்டைக்குள் போகாது. பல்லின் மேலே துளையிட்டு, முடிபோல் மெல்லிய அரங்களால் ஒவ்வொரு வேர்க்குழாயையும் நுனிவரை சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். 1838இல் மேனார்டு என்னும் மருத்துவர் இப்படிப்பட்ட முதல் கருவியைக் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்துச் செய்தார் என்பது வரலாறு. இடையிடையே கழுவும் நீருக்கு நம் விடுதிக் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரின் நெடி. என்ன இது என்று கேட்டேன். ஏறத்தாழ அதே சரக்குதான் என்றார். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று குழாய்கள் இருக்கும், நான்கும் இருக்கலாம். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் நான்காவது ஒன்று ஒளிந்து கொண்டிருப்பது வழக்கம். அதைக் காணாமல் விட்டால் சிகிச்சை தோற்பதற்கு அதுவே காரணமாகும். ஆகவே ஒரு மணி நேரம் வாயைத் திறந்திருக்க வேண்டியிருந்ததே என்று நான் குறைப்பட்டது அறியாமை.

சுத்தமான குழாய்களைக் கட்டாபர்ச்சா என்னும் பொருளால் அடைக்கிறார்கள். இது மலாய்க் காட்டு மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக உலகத்தைச் சுற்றிய அதே பொருள் 19ஆம் நூற்றாண்டிலேயே பல்லுக்குள்ளும் புகுந்தது. நம் மாவட்டத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு மலாயா போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கலாம். அந்நாட்டு மரமொன்று அவர்கள் வாயிலேயே தங்கியிருப்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

வீடு திரும்பிய பின் இரண்டு மூன்று நாள் அந்தப் பல்லில் கடித்தால் நோவு இருந்தது. நரம்பை எடுத்த பின் எப்படி வலிக்கும் என்று என் தோழர் வாதித்தார். பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றின் நோவு அது. சாதாரண வலிமாத்திரையில் அடங்கிவிடும். வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே ஓட வேண்டும். கடைசியில் கடைவாய்ப்பல்லுக்கு மேலே ஒரு உறை மாட்ட வேண்டும். நம்மவர் தொப்பி என்கிறார்கள். இதைத்தான் பலர் வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். முன்பல்லுக்கு, நிறையப் பகுதி மிஞ்சியிருந்தால், நல்ல அடைப்பே போதும் என்று சொல்வதுண்டு. கடைவாய்ப்பல் அரைக்கும் பல். உறையில்லாமல் விட்டால் அத்தையின் மொச்சைக் கதைதான். அந்தத் தொப்பிக்கான பணத்துக்கு நான் ஒரு மாதம் விடுமுறை நாட்களில் வேலைக்குப் போனேன். முதல் நாளே மொத்தத் தொகையைச் சொல்லியிருந்தபடியால் அது எனக்கு இயன்றது.

இனிமேல் எழுதப்போவது சற்றுக் காரமாக இருக்கலாம்.

படித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது, பாமரர்க்குச் சொல்லி என்ன பயன் என்று சில மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். மண்ணின் ஈரம் பார்த்து விதைக்கும் நாளைக் குறிக்கிற என் அத்தைக்கு, வேரில் நோய் இருந்தால் மேலே பச்சையாக இருந்தும் செடி சாகும் என்பதைச் சொல்லித் தர வேண்டுமா? "அம்மா, இன்றைக்கு வலி போய்விடும். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு தடவை வரவேண்டும். வராவிட்டால் பல் உடையும், மறுபடி சீழ் பிடிக்கும். இவ்வளவு செலவாகும்" என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? ஊசியையும் மருந்தையும் போல அந்த இரண்டு நிமிடமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது என் கருத்து. அதைக் கொடாத மருத்துவர் மருந்தில் ஒரு பாகத்தைக் குறைத்தவரே ஆவார்.

அப்படிச் சொல்லிவிட்டால், "அவ்வளவு பணம் இல்லை சாமி, பிடுங்கிவிடுங்கள்" என்பாரே என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. என் மறுமொழி: கேட்டுவிட்டுப் பிடுங்கிக்கொள்ளட்டும். எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பது நான் சொல்வதன்று. வேர்வரை பிளந்த பல்லையும், பிடிப்பெல்லாம் கரைந்து ஆடும் பல்லையும் எடுத்துவிடுவதே முறை. மூன்று தடவை மலையிறங்க முடியாது என்று தெரிந்தே எடுத்துக்கொள்வது ஒரு முடிவு. பாதிப் பணமும் செலவழித்து, பாதி வழியில் நின்று, கடைசியில் பல்லையும் இழந்து, உயிருக்கும் மன்றாடுவது முடிவா? மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயத்தால் எடுக்க வேண்டிய பல்லையும் வைத்துக்கொண்டு அவதிப்படுவோர் எங்கள் மலையில் உண்டு. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இதை நாம் படத்தில் வரைந்திருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான பயமும் ஒன்றுண்டு. நரம்பெடுத்த பல் உடம்பில் விஷமாகக் கிடக்கும் என்கிறார்கள். இது நம் ஊர்ப் பாட்டிமார் கட்டியதன்று, கப்பலேறி வந்தது. 1910இல் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவில் ஆற்றிய உரைக்குப் பின், உடம்பின் நோய்க்கெல்லாம் பல்லே காரணம் என்ற கருத்து பரவி, மேலை நாடுகளில் நல்ல பற்களையும் வரிசையாகப் பிடுங்கி எறிந்தார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி முதலானோர் எலிகளிடம் செய்த ஒரு சோதனை விலங்கியல் மாணவர் எல்லோரும் அறிய வேண்டியது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். கூழ் சாகவில்லை, தானாகவே மேலே புதுச் சுவர் எழுப்பிக்கொண்டது. சாதாரண எலிகளின் கூழோ செத்துச் சீழ் பிடித்தது. உணவு ஒன்று, துளை ஒன்று. வேறுபாடு நுண்ணுயிர் ஒன்றே. அந்த நுண்ணுயிரை அகற்றி மறுபடி புகாமல் அடைப்பதுதான் வேர்ச் சிகிச்சை முழுவதும். ஒழுங்காகச் செய்து மேலே உறையும் மாட்டிய பற்களில் மிகப் பெரும்பாலானவை பல்லாண்டு உழைக்கின்றன. சில தோற்பதும் உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோற்றால் மறுபடி திறந்து செய்யலாம், அல்லது வேர்நுனியில் அறுவை செய்யலாம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் நமக்கென்று அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை பெருமைக்குரியவை. அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டுமானால் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகருக்கோ, 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கோ போக வேண்டும். அத்தகைய கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் வேர்ச் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாகும், வேலை பொறுமையாக நடக்கும். ஆனால் வெள்ளிமலையிலிருந்து அண்ணாமலைநகருக்கு மூன்று தடவை போய்வரும்படி கடுக்காய் பொறுக்கும் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. வேர்ச் சிகிச்சையை ஒரே அமர்வில் முடிப்பதற்கும் பல அமர்வுகளில் முடிப்பதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கூறுகின்றனர். ஒரே அமர்வில் செய்தால் முதல் சில நாள் நோவு சற்றுக் கூடலாம். வீக்கமும் சீழும் மிகுந்த பல்லுக்கு அது பொருந்தாமலும் போகலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் பொருந்துகிற இடத்திலெல்லாம், "நீங்கள் மலையிலிருந்து வருகிறீர்களா? அப்படியானால் காலையிலேயே வந்துவிடுங்கள், மாலைப் பேருந்துக்குள் வேர் வேலையை முடித்து அனுப்புகிறேன்" என்று சொல்லும் மருத்துவர் ஒருவர் இருந்தால், என் அத்தைக்குப் பல் இருந்திருக்கும். நகரத்தாரின் வசதிக்கு வகுத்த தேதிகளை மலைமக்கள் மேல் சுமத்திவிட்டு, சொன்ன நாளில் வருவதில்லை என்று அவர்களையே குறை கூறுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

இன்னும் ஒன்று. என் பல்லும் அத்தையின் பல்லும் ஏன் முதல் கடைவாய்ப்பல்லாகவே இருந்தன? மருத்துவர் இதையும் அந்தச் சீட்டில் எழுதிக் காட்டினார். அந்தப் பல் ஆறு வயதில் முளைக்கிறது. பால்பல் எதுவும் விழாமலேயே கடைசியில் தானாக முளைப்பதால் வீட்டாருக்கு அது வந்ததே தெரிவதில்லை. சொத்தை கண்டாலும், பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, விழுந்தால் முளைக்காது. வாழ்நாள் முழுதுக்கும் ஒன்றுதான். என் அம்மாவும் அப்படித்தான் எண்ணியிருந்தார். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளின் வாயை ஆண்டுக்கொரு தடவை ஒரு பல் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தால், சிறு அடைப்போடு முடியும் வேலை இருபது வயதில் வேர் வரைக்கும் போகாது. உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குத் தந்தது. அவ்வளவு பெரிய எண் என் மூளைக்கு எட்டுவதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் எண் எட்டுகிறது.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மலையூரில் நடக்கும்போதெல்லாம் நாம் பாதை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு பல் மருத்துவரையும் அழைத்து வர வேண்டும் என்று திட்ட அலுவலர் ஐயாவிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தின் வாயிலாகவும் கேட்கிறேன்.

அத்தை இப்போது வலப்புறமாகவே மெல்கிறார். மரவள்ளிக் கிழங்கை நன்றாக வேகவைத்தால்தான் இறங்குகிறது என்கிறார். சென்ற பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, அவருடைய இளைய மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னே நிறுத்தினார். பத்து வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்த்தாடையில், இடப்புறத்தில், அதே பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி.

"வலிக்குதா பாப்பா?" என்றேன்.

"இல்ல மாமா" என்றாள்.

"அப்ப ஒண்ணுமில்லதானே தம்பி?" என்றார் அத்தை. நான் மருந்துச்சீட்டின் படத்தை எடுத்து அவர்முன் விரித்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "காலையில முதல் பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.